5.3 சில்வராடோவுக்கு சூப்பர்சார்ஜர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் ஓடும் செவ்ரோலே சில்வராடோ 1500 பிக்கப் வண்டி பற்றியவை. சூப்பர்சார்ஜர் என்பது பெல்ட் வழியாக இன்ஜினால் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி. அப்படிக் கூடும் அழுத்தம்தான் பூஸ்ட்; அதை பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று அளப்பார்கள். அதனால் கணக்குகளை அதன் 5.3 லிட்டர் வி8 இன்ஜினை வைத்தே போட்டிருக்கிறோம். தினமும் வேலைக்குப் போய்வரும், அவ்வப்போது டிரெய்லர் இழுக்கும் வண்டி என்பது எங்கள் அனுமானம். பந்தய வண்டிக்கு இந்த எண்கள் பொருந்தாது.

2002 மாடல், எல்.எம்.7 இன்ஜின் (5.3 வி8-இன் ஒரு வகை), 1,40,000 மைல் ஓடியிருக்கிறது. இன்ஜினைப் பிரிக்காமல் சூப்பர்சார்ஜர் மாட்டலாமா?

இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் மாட்டலாம். கிட்டுக்குப் பணம் கட்டும் முன் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். வெறும் கம்ப்ரஷன் சோதனை "அழுத்தம் குறைகிறது" என்று மட்டும்தான் சொல்லும். எங்கே போகிறது என்று லீக்-டவுன்தான் காட்டும். எக்ஸாஸ்ட் குழாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. த்ராட்டில் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் என்றால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஒரே ஒரு சிலிண்டரில் கசிவு 15 சதவீதத்தைத் தாண்டினாலும் அந்த இன்ஜினுக்கு பூஸ்ட் கொடுக்காதீர்கள்.

எல்.எம்.7-க்கு இரும்பு பிளாக், கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 9.5:1. 6 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை, டியூனிங் ஒழுங்காக இருந்தால், தாங்கும். முதலில் உடைவது பெரும்பாலும் பிஸ்டன்தான், அதற்குக் காரணம் ரிங் இடைவெளி. தொழிற்சாலையில் விட்ட இடைவெளி பூஸ்ட் இல்லாத இன்ஜினின் சூட்டுக்கானது. சூடு கூடும்போது ரிங் நீண்டு அதன் இரு முனைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் நீள இடமில்லாமல் ரிங் சிலிண்டர் சுவரைக் கவ்வும்; பிஸ்டனின் மேல் விளிம்பு துண்டாகப் பெயர்ந்துவரும். வார்ப்பு பிஸ்டன் வளையாது, உடையத்தான் செய்யும்.

எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் மேல் ரிங்கின் இடைவெளிக்கு போர் (சிலிண்டர் விட்டம்) அளவில் ஒரு அங்குலத்துக்கு 0.0065 அங்குலம் என்று கணக்கு வையுங்கள். 3.78 அங்குல போருக்கு 0.0245 அங்குலம் வரும். இரண்டாம் ரிங்குக்கு அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு கூடுதலாக விடுங்கள்; இரண்டுக்கும் நடுவே அழுத்தம் தேங்கினால் மேல் ரிங் தன் பள்ளத்திலிருந்து தூக்கிக்கொள்ளும். ரிங்கின் ஒரு முனையை மட்டும் அராவுங்கள். பிசிறு நீக்கி, போருக்குள் ஒரு அங்குலம் இறக்கி, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கிய பிறகு அளவெடுங்கள்.

ஹெட் போல்ட் நீண்டு இறுகும் வகை. ஒருமுறை கழற்றியதை மறுபடி போடக் கூடாது. 2003 வரை ஒரே ஹெட்டில் இரண்டு நீளப் போல்ட் உண்டு, 2004-லிருந்து ஒரே நீளம். பழைய பிளாக்குக்குப் பழைய செட்டையே வாங்குங்கள். இன்னொன்று: பிளாக்கில் போல்ட் ஓட்டைகள் அடி மூடியவை. கூலன்ட் தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் நீர் போக இடமில்லாமல் பிளாக் விரிசல் விடும். ஹெட்டை எடுத்ததும் ஒவ்வோர் ஓட்டையையும் காற்றடித்து, துணி விட்டுத் துடைத்து, மறுபடி காற்றடியுங்கள். நல்ல பிளாக்குகள் பல இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்ததால் குப்பைக்குப் போயிருக்கின்றன.

1.9 லிட்டர் ஈட்டன் டி.வி.எஸ். சூப்பர்சார்ஜர் வாங்கியிருக்கிறேன். 3.4 அங்குல புல்லிக்கு எவ்வளவு பூஸ்ட் வரும்?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்குத் தன் கொள்ளளவில் பாதியைத்தான் விழுங்கும். 5.3-க்கு அது 2.66 லிட்டர். கிராங்க் புல்லி 7.5 அங்குலம் என்றால் 7.5-ஐ 3.4-ஆல் வகுக்க 2.2. அதாவது இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் சூப்பர்சார்ஜர் 2.2 சுற்றுச் சுற்றும். அது ஒரு சுற்றுக்கு 1.9 லிட்டர் காற்று தள்ளும்; 2.2-ஐ 1.9-ஆல் பெருக்க 4.18 லிட்டர். 4.18-ஐ 2.66-ஆல் வகுத்தால் 1.57. கடல் மட்டக் காற்றழுத்தம் 14.7, அதில் 0.57 பங்கு, 8.4 பி.எஸ்.ஐ. ரோட்டர் இடுக்கில் கசிவது இதைக் குறைக்கும், காற்று சூடேறுவது கூட்டும். 8-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இதே புல்லியோடு டென்வர் நகரில் ஓட்டினால் மீட்டர் 7-தான் காட்டும். அங்கே காற்றழுத்தமே 12 பி.எஸ்.ஐ. சுமார். பெல்ட் வழுக்குகிறது என்று பயப்பட வேண்டாம்.

இதே சூப்பர்சார்ஜரை 6.0 லிட்டர் இன்ஜினில் போட்டால் பூஸ்ட் 6-க்குக் கீழே இறங்கும். குதிரைத்திறன் குறைந்துவிடாது, உள்ளே போகும் காற்று அதேதான். பூஸ்ட் மீட்டர் காட்டுவது இன்ஜின் விழுங்க முடியாமல் தேங்கி நிற்கும் காற்றின் அழுத்தத்தை. "எனக்கு 12 பி.எஸ்.ஐ." என்று பெருமைப்படுகிறவரின் இன்ஜின் மூச்சுத் திணறிக்கொண்டும் இருக்கலாம்.

8 பி.எஸ்.ஐ.-தானே, இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் சமாளிக்கலாமா?

வெளியே 30 டிகிரி செல்சியஸ் என்று வையுங்கள். 8 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தினால், எந்த இழப்பும் இல்லாத இயந்திரத்தில்கூட, காற்று 40 டிகிரி சூடாகும். 60 சதவீதத் திறனுள்ள சூப்பர்சார்ஜரில் அது 66 டிகிரி. சிலிண்டருக்குள் நுழையும் காற்று 95-ஐத் தாண்டிவிடும். டெக்சாஸ் கோடையில் இதற்கும் மேலே. அந்தச் சூட்டில் நாக்கிங்கை (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பதை) தவிர்க்க டியூனர் இக்னிஷன் டைமிங்கைப் பிடுங்கிக்கொண்டே, அதாவது தீப்பொறியைத் தாமதமாக்கிக்கொண்டே போவார். கொடுத்த பூஸ்டில் பாதி வீண்.

ஃபோர்டு நிறுவனமே 1999-இல் எஃப்-150 லைட்னிங்கில் 5.4 லிட்டர் இன்ஜின் மேல் ஈட்டன் எம்112 வைத்து ஏறக்குறைய இதே 8 பி.எஸ்.ஐ. கொடுத்தது. கம்ப்ரஷனை 8.4:1 ஆகக் குறைத்த பிறகும் நீர்வழி இன்டர்கூலரை விடவில்லை. அதிலிருந்து வந்தது 360 குதிரைத்திறன், 2001-லிருந்து 380. உத்தரவாதம் கொடுத்து விற்பவர்கள் எங்கே செலவழித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நீர்வழி இன்டர்கூலருக்குத் தனிச் சுற்று வேண்டும், இன்ஜின் கூலன்ட்டோடு கலக்கக் கூடாது. நீர்த்தொட்டி சுற்றிலேயே உயரமான இடத்தில் இருக்கட்டும், பம்ப் தாழ்வில். ஒருமுறை முழு ஆக்சிலேட்டர் கொடுத்து நிறுத்திய பின் தொட்டி சுட, முன்னால் இருக்கும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால், நீர் ஓடவில்லை. பம்ப் நின்றிருக்கும், அல்லது காற்று அடைத்திருக்கும்.

2005 வண்டி. 500 குதிரைத்திறன் இலக்கு. எந்த இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீச்சும் முனை)?

சூப்பர்சார்ஜர் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.62 பவுண்டு பெட்ரோல் கேட்கும். 500-க்கு 310 பவுண்டு. எட்டால் வகுத்து, இன்ஜெக்டர் 85 சதவீத நேரம் மட்டுமே திறந்திருக்கலாம் என்று வைத்தால் ஒன்றுக்கு மணிக்கு 46 பவுண்டு. உங்களிடம் இருப்பது ஏறக்குறைய இதில் பாதி.

2004 முதல் இந்த வண்டிகளில் எரிபொருள் திரும்பும் குழாய் கிடையாது, அழுத்தம் எப்போதும் 58 பி.எஸ்.ஐ. இன்டேக்கில் 8 பி.எஸ்.ஐ. எதிர்த்து நிற்கும்போது மிஞ்சுவது 50. பாய்வு 7 சதவீதம் குறையும். அதை ஈடுகட்ட 46 என்பது 49 ஆகும். 60 பவுண்டு இன்ஜெக்டர் வாங்கினால் நிம்மதி.

வண்டியின் எரிபொருள் பம்ப்பில் ஏமாறாதீர்கள். "255 லிட்டர்" என்பது குறைந்த அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் ஒரு மணிக்குக் கிடைக்கும் அளவு. உங்களுக்கு மணிக்கு 190 லிட்டர் தேவை, அதனால் பெட்ரோலுக்குப் போதும். ஆனால் பழைய ஒயரில் 12 வோல்ட்தான் போய்ச் சேர்கிறது என்றால் அந்த மிச்சமும் போய்விடும். முழு லோடில் பம்ப் கனெக்டரில் வோல்ட் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் தனி ரிலேயும் 10 கேஜ் ஒயரும் போடுங்கள். இ-85 (பெரும்பகுதி எத்தனால் கலந்த எரிபொருள்) ஊற்றும் எண்ணம் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எரிபொருள். பம்ப், இன்ஜெக்டர் இரண்டையும் இப்போதே பெரிதாக வாங்குவது மலிவு.

91 ஆக்டேன் போதுமா? இந்தியாவில் சாதாரண பெட்ரோலே பல காலம் 91 என்று இருந்ததே?

இரண்டு 91-ம் ஒன்றல்ல. இந்தியாவில் சொல்வது ரிசர்ச் ஆக்டேன். அமெரிக்க பம்ப்பில் எழுதியிருப்பது ரிசர்ச், மோட்டார் என்ற இரு சோதனை எண்களின் சராசரி. இந்திய 91 அங்கே 87-க்குச் சமம். கலிஃபோர்னியாவின் 91 இங்கே 95-ஐ ஒட்டியது.

8 பி.எஸ்.ஐ.க்கு இன்டர்கூலரோடு 91 போதும், 93 கிடைத்தால் நல்லது. முழு லோடில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5-ஐ ஒட்டி, டைமிங் 14 டிகிரியில் தொடங்கி லாக் (ஓட்டத்தின்போது பதிவாகும் தரவு) பார்த்து ஏற்றுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்தது, என்ஜிகே டி.ஆர்.6 போல, இடைவெளி 0.035 அங்குலம். அதிகம் விட்டால் பூஸ்டில் தீப்பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும்.

பழைய சென்சார்களை வைத்தே டியூன் செய்யலாமா?

மேப் சென்சாரை (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது) மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். ஒரிஜினல் ஒரு பார் வகை, 105 கிலோபாஸ்கலுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. 8 பி.எஸ்.ஐ. பூஸ்ட் என்பது வெளிக் காற்றழுத்தத்தோடு சேர்த்து 156. இரண்டு பார் சென்சாரும், அதைப் படிக்கும் மென்பொருளும் வேண்டும். காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டாம்.

கியர்பாக்ஸ் பிழைக்குமா?

இந்த வண்டியில் வரும் 4எல்60இ கியர்பாக்ஸ் பிழைக்காது. மூன்றாம்-நான்காம் கியர் கிளட்ச் தீயும், அல்லது சன் ஷெல் (உள்ளே சன் கியரைச் சுழற்றும் உலோகக் கூடு) உடையும். முழுவேகத்தில் மூன்றாவதுக்கு மாறும்போது ஆர்.பி.எம். எகிறினால் கிளட்ச். இரண்டாம் கியரும் ரிவர்ஸும் ஒரே நாளில் காணாமல் போனால் ஷெல். திடமான ஷெல், கூடுதல் கிளட்ச் தட்டுகள், பெரிய ஆயில் கூலர் வைத்துக் கட்டலாம். டிரெய்லர் இழுக்கிறவர் அதில் பணம் போடுவதைவிட வலுவான 4எல்80இ கியர்பாக்ஸுக்கு மாறுவதே எங்கள் யோசனை. டிரைவ் ஷாஃப்ட் நீளம் மாறும், கியர்பாக்ஸ் புரோகிராமும் மாறும். இந்தச் செலவைச் சூப்பர்சார்ஜர் வாங்கும் முன்பே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

கிட் மாட்டிய பிறகு மெதுவாக ஓட்டினாலும் மைலேஜ் படுத்துவிட்டது. இன்டேக் காற்றும் எப்போதும் சூடு.

பைபாஸ் வால்வு மூடியே கிடக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அது திறந்து, ரோட்டர் தள்ளிய காற்றை மறுபடி ரோட்டர் வாய்க்கே திருப்பிவிட வேண்டும். வாக்யூம் குழாயைத் தவறான முனையில் செருகியிருக்கலாம், அல்லது டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஐடிலில் வால்வின் கரம் இழுபட்டு நிற்கிறதா என்று பாருங்கள். கை பம்ப்பால் வாக்யூம் கொடுத்தால் கரம் நகர்ந்து, விட்டதும் திரும்ப வேண்டும். கூடவே பி.சி.வி. குழாய் (கிராங்க் கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோவது) ரோட்டருக்குக் கீழே செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே இருந்தால் பூஸ்ட் நேராகக் கிராங்க் கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

1972 செவ்ரோலே சி10 பிக்கப், 350 கன அங்குல இன்ஜின். பானட்டுக்கு மேலே 6-71 புளோயர் (பழைய வகை சூப்பர்சார்ஜர்) தெரிய வேண்டும், தெருவில் ஓட்டவும் வேண்டும்.

6-71 என்பது ஜி.எம். டீசல் இன்ஜினின் பெயர்: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். அதன் புளோயர் ஒரு சுற்றுக்கு 411 கன அங்குலம் தள்ளும். உங்கள் 350-க்கு ஒரு சுற்றுக்குத் தேவை 175. ஆகவே இன்ஜினைவிட மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். 40 சதவீதம் குறைவான வேகத்தில் 6 பி.எஸ்.ஐ. வரும், கசிவு போக இன்னும் குறையும். கம்ப்ரஷனை 8 முதல் 8.5-க்குள் வையுங்கள். கார்புரேட்டரின் பவர் வால்வுக்கான (வாக்யூம் குறையும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடுவது) வாக்யூமை புளோயருக்குக் கீழிருந்து எடுங்கள். மேலே பூஸ்டிலும் வாக்யூம் இருந்துகொண்டிருக்கும். வால்வு திறக்காமல், தேவையான நேரத்தில் எரிபொருள் குறைந்து பிஸ்டன் உருகும்.

கலிஃபோர்னியாவில் இதெல்லாம் சட்டப்படி சரியா?

1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் (புகை மாசு) சோதனை இல்லை, சி10 தப்பித்தது. சில்வராடோவுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் எக்ஸிகியூட்டிவ் ஆர்டர் (அனுமதி ஆணை) எண் உள்ள கிட் மட்டுமே செல்லும். அந்த எண் உங்கள் வருட மாடலையும் இன்ஜினையும் உள்ளடக்கியிருக்க வேண்டும். புல்லியையோ டியூனையோ மாற்றிவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தும் பயனில்லை.