கருத்தடை மாத்திரை எடுக்கறவங்களுக்கு ரத்தத்துல காப்பர் ஏறினா சாப்பாட்டை மாத்தணுமா?

நீங்க கேட்டது இதுதான்: மனைவி 2 வருஷமா கருத்தடை மாத்திரை எடுக்கறாங்க, செக்கப்ல சீரம் காப்பர் நல்லாவே கூட வந்திருக்கு, எஸ்ஜிபிடிங்கற லிவர் என்சைமும் லேசா ஏறியிருக்கு, அதனால காப்பர் இருக்கற சாப்பாட்டையெல்லாம் நிறுத்திட்டு ஜிங்க் மாத்திரை ஆரம்பிக்கலாமான்னு. நான் பயோகெமிஸ்ட்ரி லேப்ல 11 வருஷமா இருக்கேன். தயவுசெஞ்சு அந்த ஜிங்க்கை மட்டும் நீங்களா ஆரம்பிச்சுடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

ரத்தத்துல காப்பர் தனியா சுத்திட்டு இருக்காது, பெரும்பாலானது செருலோபிளாஸ்மின்ங்கற புரோட்டீனுக்குள்ள தான் இருக்கும், ஒரு மூலக்கூறுக்கு 6 காப்பர் அணு. அந்தப் புரோட்டீனை செய்யறது லிவர். ஈஸ்ட்ரஜன்ங்கற பெண் ஹார்மோன் உள்ள மாத்திரை எடுத்தா லிவர் அதை கூடுதலா செஞ்சு ரத்தத்துல விடும், புரோட்டீன் ஏற ஏற காப்பர் நம்பரும் கூடவே ஏறிடும், அவ்வளவுதான். சாப்பாட்டுல இருந்து அதிகமா சேர்ந்துடுச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. கர்ப்பத்துல உடம்புலயே ஈஸ்ட்ரஜன் கூடறதால, கடைசி மாசங்கள்ல காப்பர் நம்பர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் போகும். என் அக்கா கர்ப்பமா இருந்தப்போ இதே மாதிரி ரிப்போர்ட்டைப் பாத்து பயந்துபோய் பருப்பு, கொட்டை வகை எல்லாத்தையும் ரெண்டு மாசம் தொடவே இல்ல, நான் அப்போ வேலைக்குப் புதுசு, எடுத்துச் சொல்லத் தெரியல, குழந்தை பிறந்த கொஞ்ச நாள்ல நம்பர் தானா இறங்கிடுச்சு. அவ சும்மா பட்டினி கிடந்ததை நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. வில்சன் நோய்னு ஒரு பரம்பரை நோய் இருக்கு, அதுல லிவருக்குள்ள காப்பர் குவிஞ்சு கிடக்கும், ஆனா செருலோபிளாஸ்மின் குறைவா இருக்கறதால ரத்தத்துல மொத்த காப்பர் பெரும்பாலும் கம்மியாத்தான் காட்டும். ரத்த நம்பரும் உடம்புல இருக்கற சரக்கும் வேற வேறங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. ஈஸ்ட்ரஜன் எடுக்கறப்போ அந்தக் குறைஞ்ச செருலோபிளாஸ்மின் கூட மேல ஏறி நார்மல் மாதிரி தெரியலாம். அதனால சின்ன வயசு, எஸ்ஜிபிடி தொடர்ந்து ஏறியே இருக்கு, குடும்பத்துல யாருக்காவது இந்த நோய் இருந்திருக்குன்னா டாக்டர் 24 மணி நேர யூரின்ல காப்பர் பாப்பாங்க, கண்ணையும் ஸ்லிட் லேம்ப்ங்கற கண் பரிசோதனைக் கருவியில பாக்கச் சொல்லுவாங்க.

இப்போ ஜிங்க். அதிக அளவுல எடுத்தா குடல் செல்லுக்குள்ள மெட்டலோதயோனீன்ங்கற புரோட்டீன் கூடும், அது காப்பரை இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கும், அந்த செல் உதிர்றப்போ காப்பரும் மலத்தோட போயிடும். வில்சன் நோய்க்கு ஜிங்க்கை மருந்தா குடுக்கறதே இதனால தான். காப்பர் சரியா இருக்கற ஆள், பெரியவங்களுக்கு ஜிங்க்கோட உச்ச வரம்பான ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டி மாசக்கணக்குல முழுங்கினா ரத்தசோகை வரலாம், வெள்ளை அணு குறையலாம், கால் மரத்துப் போகலாம், அந்த நரம்பு பாதிப்பு சிலருக்கு முழுசா திரும்பறதே இல்ல.

எஸ்ஜிபிடி பெரும்பாலும் வேற கதை, அதை காப்பரோட சேர்த்துக் குழப்பிக்க வேண்டாம். லேசான ஏற்றத்துக்கு ரொம்ப சகஜமான காரணம் லிவர்ல கொழுப்பு, அங்க வேலை காட்டற ஹார்மோன் இன்சுலின். சர்க்கரையும் மாவும் கூடி இன்சுலின் சரியா எடுபடாம போனா லிவர் கொழுப்பை சேர்த்துக்கும். இங்க சாப்பாட்டை மாத்தினா நிஜமாவே பலன் இருக்கு, எடை அதிகம் இருக்கறவங்க 7லிருந்து 10 சதவீதம் குறைச்சாலே நல்ல மாற்றம் தெரியும், ஆனா மெதுவா, ஏன்னா பட்டினி கிடந்து வேகமா இறக்கினா பித்தப்பையில கல் வர்ற வாய்ப்பு கூடும். அப்புறம் டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு மூணு நாள் கடுமையான ஜிம் வேண்டாம், தசையில இருந்தும் இந்த என்சைம் வரும், எஸ்ஜிஓடிங்கற இன்னொரு என்சைம் இன்னும் கூடவே வரும்.

உடம்பு அரிப்பு, யூரின் அடர் நிறம், கண் மஞ்சள் இதுல எது இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, மாத்திரையால பித்த ஓட்டம் தடைபடறது அபூர்வம் தான், ஆனா நடக்கும். இல்லன்னா எஸ்ஜிபிடியையும் செருலோபிளாஸ்மினையும் ஒண்ணா திரும்பப் பாருங்க, சாம்பிள் குடுக்கறப்போ எந்த கருத்தடை மாத்திரை எடுக்கறாங்கன்னு சீட்டுல பேரோட எழுதச் சொல்லுங்க, அது தெரியாம தான் நாங்க பல ரிப்போர்ட்ல பக்கத்துல ஒரு மேல் அம்புக்குறியை மட்டும் போட்டு அனுப்பறோம்.