சண்டை இல்லாத காட்சிக்கு எத்தனை பகடை உருட்டலாம்?

கேள்வி: சிங்கப்பூர்ப் பொங்கோலில் நண்பர் வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து தமிழில் டிஎன்டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு விளையாடுகிறோம். சண்டை வந்தால் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. பேரம் பேசுவது, பதுங்கி நுழைவது, துப்புத் துலக்குவது எல்லாம் ஒரே உருட்டில் முடிந்துவிடுகிறது. இதற்கு உருப்படியான விதி ஏதும் உண்டா?

பதில்:

உங்கள் மேசையில் நடப்பதை ஊகிக்க முடிகிறது. கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) அதிகமுள்ள ஒருவர் மட்டும் பேசுகிறார், மற்றவர்கள் கைப்பேசியைத் தடவிக்கொண்டு இருக்கிறார்கள். இருபதுமுகப் பகடையில் (டி20) 20 விழுந்தால் காவலாளி சாவிக்கொத்தையே நீட்டிவிடுகிறார். 4 விழுந்தால் கதை அங்கேயே படுத்துவிடுகிறது.

"நன்றாக நடித்தால் போதாதா, பேச்சுக்கு எதற்கு விதி?" என்று கேட்க இதற்குள் யாராவது கிளம்பியிருப்பார்கள். நடிக்க வராத, கூச்ச சுபாவமுள்ள ஒருவர் வாய்ச்சாலக்காரப் பாத்திரத்தை எடுத்திருந்தால் அவர் என்ன செய்வார்? வாள் வீசத் தெரியாதவரை வீரனாக விளையாட விடுகிறோம் அல்லவா? அதே நியாயம்தான் இதற்கும்.

அதற்காக உருட்டுகளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பு அதைத்தான் செய்தது. 'ஸ்கில் சேலஞ்ச்' என்று பெயர்: இத்தனை தோல்விக்கு முன் இத்தனை வெற்றி எடுக்க வேண்டும். அச்சான கணக்கு உதைத்ததால் அதே ஆண்டில் திருத்தம் வந்தது. எத்தனை வெற்றி தேவையானாலும் தோல்வி வரம்பு 3 என்றார்கள், இலக்கு எண்களையும் குறைத்தார்கள். ஏன் உதைக்கிறது என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். உருட்டோடு +5 கூட்டிக்கொள்பவர் இலக்கு எண் 15ஐ எட்ட டி20இல் 10 விழ வேண்டும், அதாவது 55 விழுக்காடு. அதே ஆள் 3 தோல்விக்கு முன் 6 வெற்றி எடுக்கும் வாய்ப்பு 22 விழுக்காடுதான். பாதிக்கு மேல் ஜெயிக்கிற ஆளை, 'விரிவான காட்சி' என்ற பெயரில் ஐந்தில் நாலு முறை தோற்கடிக்கிறோம். இலக்கை 11ஆக இறக்கினால் 68க்கு வருகிறது.

பதுங்கி நுழைவதிலும் இதே கண்ணி இருக்கிறது. ஆட்டத்தை நடத்துபவர் (டிஎம்) போக நான்கு பேரும் தனித்தனியே உருட்டி, நால்வருமே தப்ப வேண்டும் என்றால் அதே 55 விழுக்காடு வெறும் 9 ஆகிறது. ஐந்தாம் பதிப்பின் குழு உருட்டு விதியில் பாதிப்பேர் எட்டினால் குழுவே எட்டியதாகக் கணக்கு. இப்போது வாய்ப்பு 76. இரும்புக் கவசக்காரரை வாசலில் நிறுத்திவிட்டுப் போகும் வழக்கமும் ஒழியும். இந்த ஒரு விதியை மட்டும் இந்த வாரமே கொண்டுவாருங்கள்.

அடுத்து, பேச்சு. 2014ஆம் ஆண்டின் டிஎம் கையேட்டில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது, பலர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. எதிராளியின் மனநிலை மூன்று: நட்பு, அலட்சியம், பகை. நட்பில் உள்ளவர் 10க்குச் சிறிய ஆபத்தை ஏற்பார், 20க்குப் பெரிய ஆபத்தையும் ஏற்பார். பகையில் உள்ளவர் 20க்கே, தனக்கு ஒன்றும் வராது என்றால் மட்டும், கேட்டதைச் செய்வார். ஆக, எத்தனை பெரிய எண் விழுந்தாலும் பகையாளி உங்களுக்காகக் கழுத்தை நீட்டமாட்டார். முதலில் பேசி மனநிலையை மாற்ற வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும். பெர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும் திறன்) என்ன வசிய மருந்தா?

யார் எந்த மனநிலையில் வருகிறார் என்று தெரியாவிட்டால் 1981ஆம் ஆண்டு பேசிக் பதிப்பின் வரவேற்பு உருட்டு கைகொடுக்கும். இரண்டு ஆறுமுகப் பகடை: 2 வந்தால் உடனே தாக்குதல், 3-5 பகை, 6-8 குழப்பம், 9-11 தாக்காமல் விலகுவார் அல்லது பேரத்துக்குக் காது கொடுப்பார், 12 வந்தால் உற்ற நண்பர். 36இல் 16 முறை நடுவில்தான் விழும். பேச இடம் கிடைப்பது அங்கேதான்.

நீண்ட காட்சிக்கு என் சிபாரிசு, 2017இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தால் பரவிய கட்ட வட்டம். பிட்சா மாதிரி 4, 6 அல்லது 8 துண்டாகப் பிரித்த வட்டத்தைத் தாளில் வரைந்து எல்லார் கண்ணிலும் படும்படி வைப்பது. ஒரு காட்சியையே எடுத்துக்கொள்வோம்.

1930களின் சிங்கப்பூர். மார்க்கெட் ஸ்திரீட், நம்மவர் வாயில் செட்டித் தெரு. கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடம்) பொறுப்பாளரான மேலாள் இல்லை, அவருக்குக் கீழே உள்ள அடுத்தாள் மட்டும் கைப்பெட்டிக்கு முன் உட்கார்ந்திருக்கிறார். பேரேட்டில் (கணக்குப் புத்தகம்) ஒரு பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். டிஎம் முன்கூட்டியே மூன்று வரி எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்தாளுக்கு வேண்டியது: மூன்று வருஷக் கணக்கைப் பழுதில்லாமல் முடித்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறுவது. அச்சம்: மேலாள் திரும்பி வருவது. செத்தாலும் செய்யாதது: பேரேட்டை வாசலுக்கு வெளியே விடுவது. இந்த மூன்றாவது வரியை எழுதாதவர்கள்தான் பிறகு "உருட்டினோமே, ஏன் தரமாட்டேன் என்கிறார்?" என்று மல்லுக்கு நிற்கிறார்கள்.

இரண்டு வட்டம், தலா 4 துண்டு: 'பக்கம் கிடைக்கிறது', 'மேலாள் வருகிறார்'. இலக்கு 15. எட்டினால் முதல் வட்டத்தில் ஒரு துண்டை நிரப்புங்கள், 15ஐ 5 தாண்டி 20 தொட்டால் இரண்டு, தவறினால் இரண்டாவதான அபாய வட்டத்தில் ஒன்று. அதே +5 ஆளுக்கு இந்த ஏற்பாட்டில் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 77. முன்பு 22, நினைவிருக்கட்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை உருட்டக்கூடாது, ஒரே தந்திரம் இரண்டாம் முறை செல்லாது என்று இரண்டு நிபந்தனை போடுங்கள். கைப்பேசிகள் தானாகக் கீழே போகும். தவறிய ஒவ்வொரு உருட்டுக்கும் காட்சியில் ஏதாவது நகர வேண்டும்: பெட்டியடிப் பையன் எட்டிப் பார்க்கிறான், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. "ஒன்றும் நடக்கவில்லை" என்ற வாக்கியம் டிஎம் வாயிலிருந்து வரக்கூடாது. அடுத்தாளுக்கு வேண்டியதைத் தொட்டுப் பேசினால் (கப்பல் சீட்டு, ஊர்க் கடிதம்) அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கொடுங்கள்: 55 என்பது 80 ஆகும்.

தமிழில் விளையாடுவதில் ஒரு வசதி உண்டு. மனநிலை மாறியதை அறிவிக்கவே வேண்டாம், விளிச்சொல்லே சொல்லிவிடும். "யாருப்பா நீ?" என்று தொடங்கியவர் "சொல்லுங்க" என்கிறார், அப்புறம் "உட்காருங்க தம்பி, காப்பி சொல்லட்டுமா?" மேசையில் இருப்பவர்கள் துண்டு நிரம்பியதைக் காதாலேயே கேட்பார்கள். இப்படி ஓர் ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விதி என்று வந்ததும் முழு ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல். தமிழில் விளையாடுகிறோம் என்றாலே "டிராகனுக்குத் தமிழ் என்ன?" என்று கிளம்பும் கூட்டம் தனி. டிராகன்தான். பஸ்ஸை பஸ் என்றுதானே சொல்கிறோம்? கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

துப்புத் துலக்குவதற்கு: கதை நகரத் தேவையான தடயத்துக்கு உருட்டே வேண்டாம், சரியான இடத்தில் தேடினால் கிடைக்கட்டும். கம்ஷூ என்ற துப்பறியும் விதிமுறையில் அமைந்த ஆட்டங்களின் அடிப்படையே அதுதான். உருட்டை உபரித் தகவலுக்கு வையுங்கள். ஒரு முடிவுக்கு மூன்று தடயமாவது போட்டுவையுங்கள், ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். பயணக் காட்சிக்குத் தனி விதி தேவையில்லை, ஆறு துண்டு வட்டம் ஒன்று போதும்.

நடுவில் யாராவது பொறுமையிழந்து கத்தியை உருவுவார், கட்டாயம் உருவுவார். அப்போது அபாய வட்டத்தை அழிக்காதீர்கள். அதில் எத்தனை துண்டு காலியாக இருக்கிறதோ, அத்தனை சுற்றில் மேலாள் படியேறி வந்து நிற்பார், பின்னால் இரண்டு காவல்கார ஜாகாக்களோடு.