இந்தியாவின் மிகப்பெரிய வர்த்தகக் கூட்டாளி அமெரிக்காவா, சீனாவா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று போட்டிருக்கிறதே?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2023-24க்கு முதலில் வந்த கணக்கில் சீனா மயிரிழையில் முந்தியிருந்தது. பிறகு திருத்திய கணக்கில் அமெரிக்கா மேலே வந்துவிட்டது. பழைய செய்தியைப் பார்த்து எழுதியவர் சீனா என்பார், புதியதைப் பார்த்தவர் அமெரிக்கா என்பார். 2024-25இல் குழப்பமில்லை: அமெரிக்கா சுமார் 13,180 கோடி டாலர், சீனா சுமார் 12,770 கோடி, மூன்றாவதாக ஐக்கிய அரபு அமீரகம் ஏறக்குறைய 10,000 கோடி. எல்லாமே சரக்கு மட்டும். மென்பொருள் போன்ற சேவைகள் இதில் வராது.

ஆனால் இந்த மொத்தத் தொகையை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அதை உடைத்துப் பாருங்கள். அமெரிக்காவுக்கு நாம் விற்றது 8,651 கோடி டாலர், வாங்கியது 4,533 கோடி. உபரி நமக்கு. சீனாவுக்கு விற்றது 1,425 கோடி, வாங்கியது 11,345 கோடி. ஏறக்குறைய ஒரே அளவு வர்த்தகம், நேர் எதிரான நிலைமை. எல்லா நாடுகளையும் சேர்த்தால் ஏற்றுமதி சுமார் 43,700 கோடி, இறக்குமதி சுமார் 72,000 கோடி, சரக்குப் பற்றாக்குறை சுமார் 28,300 கோடி டாலர். சேவைகளில் வரும் உபரி அதில் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது.

பற்றாக்குறை எல்லாமே கெட்டதல்ல என்றால், அதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சண்டைக்கு வருவார்கள், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓசூர், போச்சம்பள்ளி பக்கத்து ஆலைகளிலிருந்து மின்சார ஸ்கூட்டர் வெளியே வர பேட்டரி செல்களும் மோட்டார் காந்தங்களும் வேண்டும், அவை பெரும்பாலும் சீனச் சரக்கு. 2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதியை இறுக்கியதும் இந்திய வாகன ஆலைகள் திணறின. எனக்குக் கவலை தருவது பற்றாக்குறையின் அளவைவிட, மாற்று ஆள் இல்லாத பொருளை ஒரே இடத்தில் வாங்குவதுதான்.

நீங்களே பார்க்க வேண்டுமானால், வணிக அமைச்சகத்தின் எக்ஸ்போர்ட் இம்போர்ட் டேட்டா பேங்குக்குப் போங்கள். நாடுவாரி என்பதைத் தேர்ந்தெடுத்து நிதியாண்டைக் கொடுங்கள். எண் மில்லியன் டாலரில் வரும்; பத்தால் வகுத்தால் கோடி. ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்துறை ஒரு குறியீட்டு எண் வைத்திருக்கிறது; அதைக் கொண்டு பொருள்வாரியாகத் தேடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். கிரானைட்டில் வெட்டாத பிளாக் 2516இல் இருக்கும், பாலிஷ் போட்ட ஸ்லாப் 6802இல் இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிரானைட் ஏற்றுமதி படுத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். மாங்கூழ் 08045040. கெர்கின் என்ற ஊறுகாய்ச் சிறுவெள்ளரி, வினிகரில் போட்டது 20011000, உப்புநீரில் போட்டது 07114000.

ஒரே சரக்குக்கு விற்கும் நாட்டுக் கணக்கும் வாங்கும் நாட்டுக் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்குக் கிருஷ்ணகிரி மாங்கூழே நல்ல உதாரணம். 215 கிலோ டிரம் 80 ஏற்றினால் ஒரு இருபதடி கண்டெய்னர், சுமார் 17 டன். இன்வாய்ஸில் சிஐஎஃப், அதாவது கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த விலை, 18,000 டாலர், அதில் கப்பல் வாடகை 2,000, காப்பீடு 50 என்று வையுங்கள். நம் ஏற்றுமதிக் கணக்கில் ஏறுவது அவை இரண்டையும் கழித்த எஃப்ஓபி மதிப்பான 15,950 மட்டும். வாங்கும் நாடு சிஐஎஃப் மதிப்பில் எழுதினால் அங்கே 18,000. 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை வந்து, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும் வாடகை ஏறியது, இந்த வித்தியாசமும் ஏறியது. கூழ் மாதிரி கிலோவுக்கு விலை குறைந்த சரக்கில் அது நன்றாகவே தெரியும். போதாததற்கு, ராட்டர்டாமில் இறங்கி ஜெர்மனிக்குப் போகும் டிரம் நம் ஏட்டில் நெதர்லாந்து என்றே நின்றுவிடலாம். நம் இறக்குமதியை நாம் சிஐஎஃப்பில் எழுதுவதால், பற்றாக்குறைக்குள் கப்பல் வாடகையும் ஒளிந்திருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. 2020 பிப்ரவரி 15 முதல், ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் அது உருவான மாவட்டத்தைக் குறிப்பிடுவது கட்டாயம். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில் அரைத்த கூழைச் சென்னை வியாபாரி வாங்கி அனுப்பும்போது, பில் போடுபவர் அலுவலக முகவரியைப் பார்த்துச் சென்னை என்று தட்டிவிட்டால் போச்சு. தர்மபுரி கருங்கல்லுக்கும் இதே கதி வரும். மாவட்டத்தின் ஏற்றுமதி எவ்வளவு என்று பார்த்துத்தான் வசதி கேட்க முடியும்; 2025இல் தோத்தாபுரி மாம்பழ விலை விழுந்து விவசாயிகள் தெருவுக்கு வந்த மாவட்டம் கிருஷ்ணகிரி. இங்கே ஆலை வைத்திருப்பவர்கள், சரக்கை வியாபாரிக்குக் கொடுக்கும்போதே இன்வாய்ஸில் உற்பத்தி மாவட்டம் கிருஷ்ணகிரி என்று அச்சிட்டுக் கொடுங்கள். கஸ்டம்ஸ் ஏஜென்ட் சரிபார்க்க அனுப்பும் செக்லிஸ்டில் அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகே பில்லைத் தாக்கல் செய்யச் சொல்லி வியாபாரியிடம் கறாராகக் கேளுங்கள்.