முடவாட்டுக்கால்: வாசகர் கேள்விகள்

கொல்லிமலையில் வாங்கி வந்த முடவாட்டுக்கால் கிழங்கைத் தொட்டி மண்ணில் புதைத்தேன். மூன்றே வாரத்தில் கொழகொழவென்று அழுகிவிட்டது. என்ன தவறு? (வாசகி, நாமக்கல்)

புதைத்ததுதான் தவறு. பெயரில் கிழங்கு இருந்தாலும் அது கிழங்கு இல்லை. மரக்கிளையிலும் பாறையிலும் படர்ந்து வளரும் பெரணிச் செடியின் (ஃபெர்ன்) தண்டு. மண்ணுக்குள் போனால் காற்றோட்டம் இல்லாமல் அழுகும்.

இந்தப் பெரணிக்கு இரண்டு வகை இலைகள். பச்சையாக நீண்டு, ஆழமாகப் பிளவுபட்டிருப்பது உணவு தயாரிக்கும் இலை. அதன் அடிப்புறத்தில் புள்ளி புள்ளியாக இருப்பவை, தூள் போன்ற வித்துகள் (ஸ்போர்) இருக்கும் கூடுகள். பெரணிக்குப் பூவும் விதையும் கிடையாது, இந்தத் தூளால்தான் பரவும். இன்னொரு வகை, தண்டை ஒட்டி முறம்போல் நிமிர்ந்து நிற்கும் குட்டை இலை. முளைத்த கொஞ்ச நாளில் பழுப்பாகிக் காய்ந்துவிடும், ஆனால் உதிராது. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அது மக்கியதும் பெரணியின் வேர்கள் அதற்குள்ளேயே ஓடும். தனக்கான எருக்குழியைத் தானே கட்டிக்கொள்கிற செடி! காய்ந்து கிடக்கிறதே என்று அந்த இலையைப் பிய்த்துவிடாதீர்கள்.

மறுபடி வளர்க்க, ரோமம் அடர்ந்த நுனிமொட்டு உள்ள ஒரு சாண் துண்டாகப் பாருங்கள். நுனி வெட்டுப்பட்டோ காய்ந்தோ இருந்தால் துளிர்ப்பது சந்தேகம். சந்தையில் கிடைப்பதில் பாதி அப்படித்தான். மா, புளி மாதிரி சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தின் கவட்டில், நிழல் விழும் பக்கம், தேங்காய்நார் வைத்துச் சணல் கயிற்றால் கட்டுங்கள். பட்டை உரியும் கொய்யா வேண்டாம். தண்டு நாரின் மேல் கிடக்க வேண்டும், உள்ளே மூடக்கூடாது. தினமும் காலையில் தண்ணீர் தெளித்தால் போதும். கோடையில் பச்சை இலை கொட்டினால் பயப்படாதீர்கள், மழைக்குத் திரும்பத் துளிர்க்கும்.

சூப் வைத்தால் தொண்டை கரகரக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது? (வாசகர், சேலம்)

ரோமம் தங்கியிருக்கிறது. ஆட்டுக்கால் என்று பெயர் வாங்கித் தந்த அந்தப் பழுப்பு ரோமம் உண்மையில் மெல்லிய செதில். கழுவிவிட்டுச் சுரண்டினால் கத்தியிலும் கையிலும் ஒட்டும். காய்ந்த நிலையிலேயே கத்தியால் சுரண்டி, பிறகு கழுவி, மேல்தோலையும் மெல்லியதாகச் சீவிவிடுங்கள். உள்ளே இளம்பச்சையாக இருந்தால் புதுசு. பழுப்பேறி நார்நாராக இருந்தால் பழசு, சாறு இறங்காது.

நாலு பேருக்கு 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மிளகு, சீரகம் தலா ஒரு டீஸ்பூன், பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் பத்து சேர்த்து ஒன்றிரண்டாக இடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தக்காளி, சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து, முக்கால் லிட்டராக வற்றும்வரை சிறுதீயில் கொதிக்கட்டும். வடிகட்டி உப்புப் போட்டு, கறிவேப்பிலை, மல்லித்தழை தூவிக் குடிக்கலாம். விழுதாக அரைத்தால் சூப் குழம்பிப் போகும், இடிப்பதே நல்லது.

மூட்டுவலி நிஜமாகவே குணமாகுமா? (வாசகர், திண்டுக்கல்)

முடத்தை ஆட்டும் கால் என்று பெயருக்கே விளக்கம் சொல்வார்கள். மலைவாழ் மக்கள் மூட்டுவலிக்கும் உடம்பு வலிக்கும் காலங்காலமாகக் குடித்து வருகிறார்கள். சீன மருத்துவத்தில் இதற்கு நெருங்கிய உறவான வேறொரு பெரணி எலும்பு முறிவுக்குப் பயன்படுகிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் வீக்கத்தைக் குறைக்கும் தன்மையும் தெரிந்தது. ஆனால் அதை வைத்து மனிதருக்குக் குணமாகும் என்று சொல்ல முடியாது; தேய்ந்த மூட்டு சூப்பில் வளராது. வாரத்துக்கு ஓரிரு முறை உணவாகக் குடியுங்கள். கர்ப்பிணிகளும் தினசரி மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு சிவந்து, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் சூப்பை நம்பி நாள் கடத்தாதீர்கள்.