லாப்ரடாருக்கு வீட்டிலேயே ஐஸ்: தயிரும் தர்பூசணியும் போதும்

வேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் லாப்ரடாருக்கு 3 வயது, 30 கிலோ எடை. மே மாத வெயிலில் நாள் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே கிடக்கிறான். பிள்ளைகள் தங்கள் குல்ஃபியில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கலாமா, இல்லை வீட்டிலேயே வேறு ஏதாவது செய்து தரலாமா?"

குல்ஃபி வேண்டாம். ஒரு நக்கு நக்கினால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் குட்டிப் பருவம் தாண்டிய நாய்கள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் சரியாகச் செரிக்காது, அதோடு சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய பாலின் கொழுப்பும் சேரும்போது பேதியில்தான் போய் முடியும். லாப் என்றால் குச்சியையும் சேர்த்து விழுங்கிவிடுவான், அது தனி ஆபத்து. சர்க்கரை இல்லாத ஐஸ்கிரீம் பரவாயில்லையே என்று நினைக்காதீர்கள், அது இதைவிட மோசம். அவற்றில் சிலவற்றில் ஸைலிடால் என்ற இனிப்பூட்டியைச் சேர்க்கிறார்கள் (லேபிளில் 967 என்ற எண்ணாகவும் இருக்கும்). நாயின் உடலில் அது இன்சுலினைச் சட்டென்று கொட்டவைத்து, அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். கல்லீரலையும் பாதிக்கும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினாலும் இதே லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்வதற்கு ஒரு கப் கட்டித் தயிர், விதையும் பச்சைத் தோலும் நீக்கிய தர்பூசணித் துண்டுகள் ஒரு கப், இரண்டையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் நாலைந்து மணி நேரத்தில் தயார். சர்க்கரை, உப்பு, தேன் எதுவும் வேண்டாம், நாய்க்கு அந்த ருசியே தாராளம். தயிர் புளித்து உறைந்தது என்பதால் பாலைவிட லாக்டோஸ் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு, நான் தயிரை விடாமல் சொல்வது அதற்காகத்தான்: தண்ணீரோ பழச்சாறோ மட்டும் உறைந்தால் கல்லாகிவிடும், அதைக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடிக்கும்போது பல்லே பிளந்துபோவது உண்டு. தயிர் சேர்ந்த ஐஸ் பொலபொலவென்று உடையும். கட்டியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழவில்லை என்றால் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கொடுங்கள். உறைந்த எவர்சில்வர் கிண்ணத்தோடு அப்படியே நீட்டாதீர்கள், ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் பையன் அவசரமாக விழுங்குகிறவன் என்றால் கட்டியாகவே தர வேண்டாம். உள்ளே குடைவாக இருக்கும் கெட்டி ரப்பர் பொம்மை கடையில் கிடைக்கிறது, அதில் இதே கலவையை அடைத்து உறையவைத்தால் உட்கார்ந்து நக்கி நக்கித்தான் காலி செய்ய முடியும். மதிய வெயிலில் அவனை ஓர் இடத்தில் படுக்கவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தயிர் ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் வெந்த பறங்கிக்காயை மசித்து உறையவைக்கலாம். அல்லது கோழித் தண்ணீர்: குழம்புக்கு வாங்கிய கறியில் இரண்டு துண்டைத் தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, ஆறியதும் மேலே படியும் கொழுப்பையும் வழித்துவிட்டு, கறியைப் பிய்த்துப் போட்டு உறையவையுங்கள். இது கொஞ்சம் கெட்டியாகத்தான் உறையும், அரைவாசி இளகியபிறகு கொடுங்கள். குழம்பிலிருந்தே எடுத்துவிடலாம் என்று மட்டும் பார்க்காதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்தாலும் அந்த நஞ்சு போகாது.

மாம்பழம் போடலாம், தோலும் கொட்டையும் கூடாது. கொட்டை குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். திராட்சை ஒன்றுகூட வேண்டாம், உலர்ந்ததும் சேர்த்துத்தான். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, இத்தனை வரை பரவாயில்லை என்று அளவு சொல்லவே முடியாது. நம் வீடுகளில் பாயசம், பஞ்சாமிர்தம் வழியாக இது நாய்க்குப் போய்ச் சேருகிறது, பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

அளவு? நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்து அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 30 கிலோ லாப்புக்கு அது சுமார் 110 கலோரி, 100 கிராம் தயிரில் 60 சொச்சம், தர்பூசணியில் 30, ஆக ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கட்டிகள் தாராளமாகத் தரலாம், வேறு பிஸ்கட் தராமல் இருந்தால். முதல் நாள் ஒன்றே ஒன்று, மறுநாள் மலம் இளகாமல் இருந்தால் கூட்டுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

நாள் முழுக்க இரைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நிழலில் படுத்துத் தண்ணீர் குடித்தபிறகும் இரைப்பு அடங்கவில்லை, எச்சில் கெட்டியாக வழிகிறது, ஈறு கருஞ்சிவப்பாகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. அப்போது வாயில் ஐஸைத் திணிக்காதீர்கள். உடம்பெல்லாம் நன்றாக நனையும்படி தண்ணீரை ஊற்றி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அந்த ஈரத்தோடே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.