தசையில் தங்கிய இரும்புத் துணுக்கு: எடுத்தே ஆகவேண்டுமா?

உளியைச் சுத்தியலால் அடித்தபோது தெறித்த இரும்புத் துணுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் தம் முன்கையில் புகுந்ததாகவும், அண்மையில் வேறொரு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் அது 3 மில்லிமீட்டர் அளவில் தசைக்குள் தெரிந்ததாகவும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வலியோ வீக்கமோ இல்லை. ஆனாலும் அது இரத்தத்தோடு இதயத்துக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். உடனே அறுத்து எடுக்கச் சொல்லி ஒருவர் நாளும் குறித்துக் கொடுத்துவிட்டாராம்.

நீங்கள் எழுதியுள்ளபடி பார்த்தால், அதை எடுக்க வேண்டியதில்லை. தசைக்குள் சிக்கிய உலோகத் துணுக்கைச் சுற்றி உடலே நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடும். ஆறு ஆண்டுகளாகத் தொல்லை தராத ஒன்று இனி இதயத்தைத் தேடிப் புறப்படும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை. அவ்வளவு சிறிய இரும்பு துருப்பிடித்தாலும் தசையில் இருக்கும்வரை உடலுக்கு நஞ்சாகாது.

‘ஐந்து நிமிட வேலை’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸ்ரே என்பது தட்டையான நிழல். துணுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை ஒரே படம் காட்டாது. செங்கோணத்தில் இரண்டு படங்களாவது வேண்டும். அறுவையின்போதே திரையில் பார்த்துத் தேடும் வசதியும் வேண்டும். அவையின்றித் துழாவினால், துணுக்கு கிடைக்காமல் நரம்போ தசைநாணோ அறுபடக்கூடும். களிம்பு பூசி வெளியே இழுத்துத் தருவதாகச் சொல்பவர்களும், தரகு வாங்கிக்கொண்டு நோயாளியைக் குறிப்பிட்ட இடத்துக்கே அழைத்துப் போகிறவர்களும் உங்கள் அச்சத்தைத்தான் விற்றுக் காசாக்குகிறார்கள். இதில் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘அந்நியப் பொருள் காணப்படுகிறது’ என்று நோயாளியைத் தொட்டே பாராதவர் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட, அதை விளக்கிச் சொல்ல மட்டும் எவருக்கும் நேரமிருப்பதில்லை.

முள், மரச்சிராய் போன்றவை வேறு வகை. அவை சீழ் பிடிக்கும் என்பதால் எடுத்தே ஆகவேண்டும். உலோகமேயானாலும், மூட்டுக்குள் இருப்பதும், கையை மரத்துப்போகச் செய்வதும் அப்படியே.

உங்களைப் பொறுத்தவரை கவனம் வேண்டியது எம்.ஆர்.ஐ. விஷயத்தில்தான். அந்தக் கருவியின் காந்தம் இரும்பை இழுக்கும். தசையில் உறை கட்டிய சிறு துணுக்கு பெரும்பாலும் தடையாக இராது என்றாலும், அதை முடிவு செய்ய வேண்டியவர் கதிரியக்க மருத்துவர். ஆகவே ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதைவிட முக்கியமானது கண். உளி வேலையில் கைக்குத் தெறித்தது கண்ணுக்கும் தெறித்திருக்கலாம். தூசி விழுந்தது என்று கழுவிவிட்டு மறந்திருப்பீர்கள். கண்ணுக்குள் இருக்கும் இரும்பு, காந்தத்தின் இழுப்பில் சற்றே நகர்ந்தாலும் பார்வை பறிபோகலாம். எனவே, எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், உலோக வேலை செய்தவர் என்பதை முதலில் சொல்லி, கண் குழிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு முன் நிரப்பும் படிவத்தில், உடலில் உலோகம் புகுந்ததுண்டா என்ற கேள்விக்கு வேறொருவர் ‘இல்லை’ என்று குறித்துவிட இடம் கொடுக்காதீர்கள்.