"நான் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது மட்டும்தான்": அச்சகக்காரர் மேல் தேர்தல் வழக்கு வருமா?

வக்கீல் ஐயா, தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் இருபது வருடமாக ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ் என்று ஓடுகிற பிழைப்பு. சட்டமன்றத் தேர்தல் அறிவித்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் வந்து 5,000 பிட் நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். ஒரு வேட்பாளரை விமர்சிக்கும் நோட்டீஸ், பிரதி ஒன்றை இணைத்திருக்கிறேன். அந்த விமர்சனத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். யாருக்கும் அதில் ஓட்டுக் கேட்கவில்லை. "கீழே 'தொகுதி நலன் விரும்பிகள்' என்று மட்டும் போடுங்கள், பிரஸ் பெயர் வேண்டாம்" என்றார். 3,000 எடுத்துப் போனார், மீதி 2,000 என் பிரஸ்ஸில் கிடக்கிறது. வாகனச் சோதனையில் பறக்கும் படை அந்தக் கட்டைப் பிடித்துவிட்டது. இப்போது விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. "பழைய பிரஸ் சட்டமே ரத்தாகிவிட்டது, பெயர் போட வேண்டியதில்லை" என்கிறார் தொழில் நண்பர் ஒருவர். ஆர்டர் கொடுத்தவரோ, வெளியிடுபவர் யார் என்று அச்சகத்துக்குச் சொல்லும் உறுதிமொழிப் படிவத்தில் பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்கிறார். இதற்கிடையில் என் மகன் வேறொரு வேட்பாளருக்காகச் சொந்தக் காசு 4,000 ரூபாய் கட்டி ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டிருக்கிறான். என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்:

பழைய தேதி போட்ட அந்தப் படிவத்தைக் கையால் தொடாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

இப்போது உங்கள் மேல் வரக்கூடிய குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 6 மாதச் சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பழைய தேதியில் படிவம் தயாரித்து நீட்டினால் அது பொய்ச் சான்று உருவாக்கிய குற்றமாகிவிடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவில் அதற்கு 3 வருடம் வரை சிறை உண்டு. நீதிமன்ற நடவடிக்கையில் பயன்படுத்துவதற்கென்று உருவாக்கியிருந்தால் 7 வருடம் வரை போகும். சின்னச் சிக்கலில் இருந்து தப்பிக்கப் பெரிய சிக்கலுக்குள் போய் விழுவதுதான் இது. அந்தப் படிவத்தில் வெளியிடுபவரின் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது. அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து விசாரித்தால் எத்தனை நேரம் தாங்குவார்கள்? சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு படிவத்தோடு ஒருவர் என்னிடம் வந்தார். சாட்சிகளில் ஒருவர் அதில் போட்டிருந்த தேதியில் வெளிநாட்டில் இருந்திருக்கிறார். நல்ல வேளை, அதைத் தாக்கல் செய்வதற்கு முன்பே என் கண்ணில் பட்டது.

சரி, சட்டத்துக்கு வருவோம். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 1867-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் நூல் பதிவுச் சட்டம் இப்போது இல்லை. 2023-இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் தேர்தல் நோட்டீஸில் பெயர் போடச் சொல்வது அந்தச் சட்டம் மட்டும் இல்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1961-இல் சேர்த்தது. அதை யாரும் தொடவில்லை, முழுசாக உயிரோடு இருக்கிறது.

அந்தப் பிரிவுப்படி, தேர்தல் துண்டுப் பிரசுரம், சுவரொட்டி எதுவானாலும் அதன் முகப்பிலேயே அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். "தொகுதி நலன் விரும்பிகள்" என்பது பெயர் ஆகாது. அதற்கு ஒரு கதவு எண் கிடையாது, நாளை அதைக் கோர்ட்டுக்குக் கூப்பிடவும் முடியாது. அச்சிடுவதற்கு முன்பே, நான் மேலே சொன்ன உறுதிமொழிப் படிவம் இரண்டு பிரதியாக உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அடித்து முடித்த பிறகு படிவத்தின் ஒரு பிரதியையும் நோட்டீஸையும் நீங்கள் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். சென்னையில் அச்சிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. "நியாயமான காலத்துக்குள்" என்றுதான் சட்டம் சொல்கிறது. அதை 3 நாள் என்று தேர்தல் ஆணையம் வரையறுத்திருக்கிறது. எத்தனை பிரதி அடித்தீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்ற விவரத்தையும் அதற்கான படிவத்தில் எழுதி, அச்சிட்டதில் 4 பிரதிகளோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது.

"யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாதம் நிற்காது. ஒரு வேட்பாளரின் வெற்றிக்கு உதவுவதற்காக விநியோகிப்பது, வெற்றியைக் கெடுப்பதற்காக விநியோகிப்பது, இரண்டையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. ஆஃப்செட்டில் அடிக்காமல் ஜெராக்ஸ் போட்டிருந்தாலும் தப்ப முடியாது. கையால் எழுதிப் பிரதி எடுப்பதைத் தவிர, படி எடுக்கும் எந்த முறையும் சட்டத்தின் கண்ணில் அச்சிடுவதுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பொதுக்கூட்டம் எந்த நாள், எத்தனை மணி, எந்தத் திடல் என்று அறிவிப்பது மட்டும்தான் நோட்டீஸ் என்றால் இந்தப் பிரிவு அதற்குப் பொருந்தாது. கட்சித் தொண்டர்களுக்கான வழக்கமான அறிவுறுத்தலுக்கும் அப்படித்தான். இதில் "மட்டும்" என்ற சொல்லை அழுத்தி வாசியுங்கள். கூட்ட அறிவிப்புக்குக் கீழே வேட்பாளரைப் புகழ்ந்து இரண்டு வரி சேர்த்துவிட்டால் அந்த விலக்கு கைவிட்டுப் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒன்று உண்டு. அந்த நோட்டீஸில் இருந்த விமர்சனத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். குடிநீர்த் தொட்டி கட்டவில்லை, ரோடு போடவில்லை என்று ஒரு வேட்பாளரைக் கேள்வி கேட்க இந்த நாட்டில் எவருக்கும் உரிமை இருக்கிறது. ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றி, பொய் என்று தெரிந்தே எழுதினால்தான் அது வேறு குற்றம். நோட்டீஸைப் பார்த்தவரை அப்படி எதுவும் இல்லை. எழுதியதில் தப்பில்லை. எழுதியவர் யார், காசு கொடுத்தவர் யார் என்பதை மறைத்ததுதான் தப்பு. ஊர்க்காரர் ஒருவர் உளமாரச் சொல்கிறாரா, எதிர் வேட்பாளரின் காசு பேசுகிறதா என்று தெரிந்தால்தான் படிக்கிற வாக்காளர் அந்த நோட்டீஸை எடை போட முடியும். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது முன்வைத்த அடிப்படையும் இதுதான்: அரசியலுக்கு வரும் பணம் யாருடையது என்று அறிவது வாக்காளரின் உரிமை. கோடிக்கணக்கில் போகும் பத்திரத்துக்குப் பொருந்துவது, உங்கள் பிரஸ்ஸில் அடித்த பிட் நோட்டீஸுக்கும் பொருந்தும்.

இதில் கணக்கும் சம்பந்தப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. 2022-இல் வைத்த வரம்பு அது. அவர் காட்டும் கணக்கைச் சரிபார்க்க, தேர்தல் செலவினக் குழு தன் பங்குக்கு நிழல் பதிவேடு ஒன்றை எழுதிக்கொண்டே வரும். அச்சகத்திலிருந்து போகிற பிரதி எண்ணிக்கையும் தொகையும் அதற்கு உதவும். பெயரே இல்லாத நோட்டீஸ் யார் கணக்கிலும் ஏறாது. வரம்பைத் தாண்ட நினைப்பவருக்கு வேண்டியதும் அதுதானே! உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற சட்டமன்ற உறுப்பினரை 2011-இல் தேர்தல் ஆணையம் 3 வருடம் தகுதிநீக்கம் செய்தது. செய்தி போலப் பத்திரிகையில் வந்த விளம்பரத்துக்கான செலவை 2007 தேர்தல் கணக்கில் அவர் காட்டவில்லை என்பதுதான் காரணம்.

2,000 ரூபாய் அபராதம் என்பது இன்றைக்கு ஒரு ரீம் நல்ல ஆர்ட் பேப்பர் விலைக்குக்கூட வராமல் போகலாம். அதை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அபராதத்தை மட்டும் பார்த்து அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். சிறைத் தண்டனை அதே வரியில்தான் இருக்கிறது. அச்சகத்தின் உரிமத்தில் கைவைக்கவும் ஆணையத்தின் அறிவுறுத்தல்களில் இடமிருக்கிறது.

இப்போது உங்களுக்கு எது பாதுகாப்பு என்று பார்ப்போம். இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றமும்கூட. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரணையில் இறங்கவும் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எனவே எஃப்ஐஆர் போட்டிருந்தால் அதன் நகலை வாங்கி, மாஜிஸ்திரேட் அனுமதி இருக்கிறதா என்று உங்கள் ஊர் வக்கீலிடம் காட்டிப் பாருங்கள். கைதுக்குரிய வேறு ஏதாவது பிரிவைச் சேர்த்திருந்தால் மட்டும் நிலைமை மாறும். அதே சட்டத்தின் 514-ஆம் பிரிவுப்படி, இதுபோன்ற குற்றத்தை நீதிமன்றம் ஒரு வருடத்துக்குள் கோப்பில் எடுக்க வேண்டும். ஆனால் நாளைக் கடத்தினால் போதும் என்று விளக்க நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

பதிலை எப்படி எழுதுவது? நீங்கள் எழுதுவது நாளை உங்களுக்கே எதிரான சான்றாகலாம். அதனால் ஒரு வக்கீல் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். காரணம், நியாயம், அரசியல் எதுவும் அதில் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். யார் ஆர்டர் கொடுத்தார், எந்தத் தேதி, எத்தனை பிரதி, எவ்வளவு வாங்கினீர்கள், ரொக்கமா ஜிபேயா, யார் எடுத்துப் போனார். பில் நகலையும், பணம் வந்த விவரத்தையும், மேட்டர் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதையும் இணையுங்கள். பழகியவரைக் காட்டிக் கொடுக்கிறோமே என்று தயங்குவீர்கள், புரிகிறது. ஆனால் அவர் பெயரைச் சொல்லாவிட்டால் அச்சிட்டவரும் வெளியிட்டவரும் நீங்களே என்று ஆகிவிடும். கூடுதல் பணம் வாங்கவில்லை, இதற்கு முன் இப்படி ஒரு புகாரும் இல்லை என்பது குற்றத்தை இல்லாமல் ஆக்காது. தண்டனை என்று வந்தால் அதைக் குறைக்க நிச்சயம் உதவும்.

உங்கள் மகன் விஷயம் வேறு மாதிரி. ஒருவர் தன் பக்கத்தில், காசு கட்டாமல், தனக்குப் பிடித்த வேட்பாளரைப் பற்றி எழுதுவது அவருடைய கருத்து. அதற்கு முன் அனுமதி தேவையில்லை என்று ஆணையமே தெளிவுபடுத்தியிருக்கிறது. காசு கட்டிப் பரப்பினால் அது அரசியல் விளம்பரம். ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் முன்சான்று வாங்கியிருக்க வேண்டும். வேட்பாளரோ கட்சியோ என்றால் 3 நாள் முன்பும், உங்கள் மகனைப் போன்ற வெளி ஆள் என்றால் 7 நாள் முன்பும் விண்ணப்பிக்க வேண்டும். டிவி விளம்பரத்துக்கு 2004-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்த முறை இது. 2013-இல் ஆணையம் சமூக ஊடகத்துக்கும் விரித்தது. அதைவிட முக்கியமாக, வேட்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அவர் வெற்றிக்காக விளம்பரத்துக்குச் செலவழிப்பது நியாய சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவில் குற்றம். 10,000 ரூபாய் வரை அபராதம். ஒப்புதல் இருந்தால் அந்த 4,000 ரூபாய் வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டும். அன்பினால் செய்தேன் என்பது இங்கே பதில் ஆகாது.

அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஃபேஸ்புக் கணக்கையே அழித்துவிடலாம் என்று அவன் நினைத்தால் தடுங்கள். அரசியல் விளம்பரம் என்று பதிவானவற்றையும், காசு கொடுத்தவர் பெயரையும் அந்த நிறுவனம் தன் விளம்பரக் காப்பகத்தில் 7 வருடம் வைத்திருக்கும். மகன் வேட்பாளரின் தேர்தல் முகவரைப் பார்த்து, செலவு விவரத்தை எழுத்தில் கொடுப்பது நல்லது.

இனி வருகிற தேர்தல் ஆர்டர்களுக்கு, படிவம் கைக்கு வராமல் பிளேட் போடாதீர்கள். கட்சிக்காரர் அவசரப்படுத்துவார், பக்கத்து பிரஸ்ஸில் கேட்காமல் அடிக்கிறார்கள் என்பார். விட்டுவிடுங்கள், அந்த ஆர்டர் போனால் போகட்டும். கீழ்வரி இப்படி இருந்தால் போதும்: "வெளியிடுபவர்: பெயர், முழு முகவரி. அச்சிட்டோர்: அச்சகத்தின் பெயர், முழு முகவரி." பக்கத்திலேயே பிரதி எண்ணிக்கையையும் போடுவது நல்ல பழக்கம். ஃப்ளெக்ஸ் மிஷினும் வைத்திருந்தால், விளம்பரப் பலகைகளிலும் இந்த இரண்டு பெயர்களும் வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ஆணையம் சொல்லியிருப்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, பிரஸ்ஸில் கிடக்கும் அந்த 2,000 நோட்டீஸ். அதைப் பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். சான்றை அழித்தார் என்ற பழி தேவையில்லாமல் வந்து சேரும். ஆர்டர் கொடுத்தவர் மீதியைக் கேட்டு வந்தாலும் கொடுக்காதீர்கள். பிளேட்டையும் கம்ப்யூட்டரில் உள்ள டிடிபி ஃபைலையும் அப்படியே வைத்திருங்கள். எண்ணிக் கட்டி, உங்கள் விளக்கத்தோடு அதே அலுவலரிடம் ஒப்படைத்து, எத்தனை பிரதி கொடுத்தீர்கள் என்று எண்ணிக்கை எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.